விட்டுப்போன பதிவு

ஊருக்குப் போய்வந்து எழுதுகிறவர்களிடம் நான் முதலில் தேடுவது, யாரை விட்டுவிட்டார்கள் என்பதைத்தான்.

ஜோஷுவா ஸ்லோகம் 1895-ல், 51 வயதில், 'ஸ்ப்ரே' என்ற பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகம் சுற்றப் புறப்பட்டவர். கிளம்பிய பிறகு, தான் வளர்ந்த பிரையர் தீவுக்கும் (கனடா) போனார். 1900-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஊர்க்காரர்கள் உண்டு. முகப்பு உடைந்ததால் ஒரே டாலருக்குக் கிடைத்த கடிகாரம்கூட உண்டு.

பிறகு, பழகிய ஊரான பியூனஸ் அயர்ஸ். அங்கே ஒரு காலத்தில் விஸ்கியும் சவப்பெட்டியும் விற்றவரைத் தேடுகிறார். ஆள் இல்லையே என்று அங்கலாய்க்கிறார். சிரித்துவிட்டேன். ஆனால், 1884-ல் அதே ஊரில் புதைத்த முதல் மனைவி வர்ஜீனியாவைப் பற்றி? மூச்!

பி.காம். புத்தி, விடுபட்ட பதிவு உறுத்தியது. மறுபடி படித்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. மனுஷன் ஏன் போயும் போயும் சவப்பெட்டிக்காரரைத் தேடினார்?