தொகுத்தார் காத்த பெயர்

ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்து வெளியிடுதல் இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. நம் இலக்கியச் செல்வத்தில் ஒரு பெரும்பகுதி அவ்வாறு எடுத்து வைக்கப்பட்டதனாலேயே நம் கைக்கு எட்டியிருக்கின்றது. எட்டுத்தொகை என்னும் பெயரே இதற்குச் சான்று. தொகை என்பது பிறர் பாடியவற்றைத் திரட்டி ஒழுங்குபடுத்தி வைத்த நூல். தொகுத்தவர்கள் அப்பணியைச் செய்யாது விட்டிருப்பின், கபிலர், பரணர் பாடல்களில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்? ஆகவே, பிறர் எழுத்தை எடுத்து வெளியிடுவதே குற்றம் என்று கூறத் தமிழ் கற்றார்க்கு உரிமையில்லை. எடுத்தவர் எதனை உடன் எடுத்தார், எதனை விட்டுவிட்டார் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

இவ்வினா இன்று கூர்மை பெற்றிருக்கின்றது. ஒருவர் பல நாள் உழைத்து எழுதிய கட்டுரை, ஓரிடத்தில் வெளிவந்த மறுநாளே வேறு பல இணையத்தளங்களில் காட்சி தருகின்றது. அங்கிருந்து கைப்பேசிகள் வழியே ஊரெங்கும் பரவுகின்றது. எழுதியவர் பெயர் முதல் இடத்தில் இருக்கும்; இரண்டாம் இடத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்; மூன்றாம் இடத்தில் ‘படித்ததில் பிடித்தது’ என்னும் தலைப்பு மட்டும் எஞ்சும். கருத்துப் பரவினால் போதாதா, பெயர் எதற்கு என்று கேட்பாரும் உளர். அவர்கட்கு விடை கூறப் பழந்தமிழ்த் தொகை நூல்களையே துணைக்கு அழைப்போம்.

பெயரில்லார்க்கும் பெயர்

குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பர். அந்நூலில் சில புலவர்களின் பெயர்கள் நம்மை வியக்க வைக்கின்றன. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், கல்பொரு சிறுநுரையார், மீனெறி தூண்டிலார் என்பன அவற்றுட் சில. இவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல என்பதும், அப்புலவர்கள் பாடிய பாடல்களிலுள்ள தொடர்களே பெயர்களாயின என்பதும் ஆராய்ச்சியாளர் கொள்கை. இயற்பெயர் தெரியாத இடத்தும், பாடல் ஒன்று இருந்தால் பாடியவர் ஒருவர் இருந்தார் என்பதைப் பழந்தமிழர் மறக்கவில்லை. பெயர் கிடைக்காவிடின் பாட்டிலிருந்தே ஒரு பெயரை எடுத்து அப்புலவருக்குச் சூட்டினர்.

இதில் நன்றியுணர்வு மட்டுமன்று, திறனாய்வும் அடங்கியிருக்கின்றது. நிலம் பரந்து ஈரமாய்க் கிடக்க, ஏர் ஒன்றே உடைய உழவன் படும் பரபரப்பைத் தலைவியை நோக்கி விரையும் தலைவனின் நெஞ்சுக்கு உவமையாக்கினார் ஒரு புலவர். கல்லில் மோதிய சிறு நுரை மெல்ல மெல்ல இல்லையாவதைப் பிரிவால் தேயும் தலைவிக்கு உவமையாக்கினார் மற்றொருவர். நற்றிணையில் இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் பழங்கயிற்றை உடலுக்கு உவமை கூறியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆனார். பாட்டின் உயிர் எங்கே இருக்கின்றதென்று கண்டு, அவ்விடத்திலேயே விரலை வைத்திருக்கிறார்கள், பெயர் சூட்டியவர்கள். ஒரு பாட்டைப் பற்றி இரண்டே சொல்லில் இதனினும் செறிவாகத் திறனாய்வு எழுதுதல் அரிது.

குறுந்தொகையில் சில பாடல்களுக்கும் நற்றிணையில் ஐம்பதுக்கு மேற்பட்ட பாடல்களுக்கும் ஆசிரியர் பெயர் இன்று காணப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் அவ்விடங்களில் எவரும் தம் பெயரை எழுதிக்கொள்ளவில்லை. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்று தெரிகின்றது. தொகுத்தவர் யாரெனத் தெரியவில்லை. பிறர் பெயரைக் காத்தவரின் பெயர் மறைந்து போயிற்று!

பெயர் தரும் பொருள்

பெயர் என்பது பாட்டின் அடியில் ஒட்டிய சீட்டு, அதனைக் கிழித்தாலும் பாட்டுக்குக் குறைவில்லை என்று எண்ணுவோர், புறநானூற்றின் 112-ஆம் பாட்டைப் படிக்க வேண்டும். ஐந்தே அடிகள். சென்ற திங்களின் நிலவொளியில் எமக்குத் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. இத்திங்களின் நிலவொளியில் வென்ற வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தையையும் இழந்தோம் என்பது அதன் கருத்து. இப்பாட்டினுள் பாரியின் பெயர் இல்லை. பறம்பு மலையின் பெயரும் இல்லை. பாடியவர் பாரி மகளிர் என்னும் குறிப்பே அந்த நிலவையும் குன்றையும் தந்தையையும் நமக்கு அடையாளம் காட்டுகின்றது. அக்குறிப்பை நீக்கிப் பாருங்கள். எவரோ ஓர் அரசன் இறந்ததற்கு எவரோ அழுத அழுகை என்ற அளவில் பாட்டு நின்றுவிடும். கபிலர் பாடல்களோடு அதற்குள்ள தொடர்பும் அறுந்துவிடும்.

பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், எந்த நிலையில் பாடியது என்று புறநானூற்றுப் பாடல்களின் அடியில் எழுதிவைத்த சிறு குறிப்புகளே சங்க கால வரலாற்றை எழுதியவர்களுக்குக் கைவிளக்காயின. அக்குறிப்புகள் அனைத்தையும் ஐயமின்றிக் கொள்ளலாமா என்பது வேறு ஆராய்ச்சி. அவை இல்லாதிருப்பின் அந்த ஆராய்ச்சிக்கே இடமிராது.

புறத்திரட்டு கற்பிக்கும் பாடம்

பிற்காலத்தில் எழுந்த தொகுப்பு நூலாகிய புறத்திரட்டு நமக்கு மற்றொரு பாடம் கற்பிக்கின்றது. பல நூல்களிலிருந்து செய்யுட்களைத் தேர்ந்து பொருள்வகையால் அடுக்கிய நூல் அது. அதனைத் தொகுத்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் இச்செய்யுள் இன்ன நூலினது என்னும் குறிப்பை அவர் விடவில்லை. முத்தொள்ளாயிரம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நாம் சுவைக்கும் முத்தொள்ளாயிரப் பாடல்களில் நூற்றுக்கு மேற்பட்டவை புறத்திரட்டின் வாயிலாகவே பிழைத்தன. வளையாபதியில் எஞ்சிய செய்யுட்களிலும் பெரும்பகுதி அவ்வாறு வந்தவையே. மூல நூல் அழிந்த பின்னும் எடுத்தாண்டவர் அதன் உயிரைக் காத்தார். எடுத்து வெளியிடுவதால் விளையும் நன்மைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்தொள்ளாயிரம் என்னும் நூற்பெயரை நாம் அறிவோம். பாடிய புலவர் பெயரை அறியோம். எழுதப்பட்டது காக்கப்பட்டது, எழுதப்படாதது மறைந்தது. மூவேந்தரையும் பாடிய அப்பெருங் கவிஞருக்கு இன்று ஊரும் இல்லை, பெயரும் இல்லை. உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டிய செய்யுட்களுள் பல, நூற்பெயரும் இன்றி நிற்கின்றன. அவை எங்கிருந்து வந்தவை என்று கண்டறியப் பதிப்பாசிரியர்கள் எத்தனையோ ஆண்டுகள் ஏடுகளைப் புரட்டினர். அக்காலத்து மாணாக்கர் எல்லாச் செய்யுட்களையும் நெஞ்சில் வைத்திருந்தனர். ஆதலின் உரையாசிரியர் பெயர் கூற வேண்டிய தேவை எழவில்லை எனலாம். ஆனால் நினைவில் வைத்திருந்த தலைமுறை மறைந்ததும் பெயரும் உடன் மறைந்தது. ‘எல்லார்க்கும் தெரிந்ததுதானே’ என்று இன்று நாம் விடும் பெயர், அடுத்த தலைமுறையில் எவர்க்கும் தெரியாத பெயராகும்.

பெரும்பெயர் விழுங்கும் சிறுபெயர்

பெயர் உதிர்ந்த பாட்டு நெடுநாள் பெயரின்றி நிற்பதில்லை. புகழ்பெற்ற ஒருவர் பெயர் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். தனிப்பாடல்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு இது புதிதன்று. ஔவையார் பெயரால் வழங்கும் பாடல்கள் அனைத்தையும் ஒரே ஔவையார் பாடினார் என்று கொண்டால், அவர் பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருத்தல் வேண்டும்! கம்பர் பெயரிலும் காளமேகம் பெயரிலும் எத்தனை புலவர்களின் பாடல்கள் கலந்து கிடக்கின்றனவோ, யாரறிவார்?

அதே நிலையை இன்றும் காண்கின்றோம். பாரதியார் கூறியது, கண்ணதாசன் கூறியது என்று நாள்தோறும் வரும் மொழிகளுட் சில, அவர்கள் நூல் எதிலும் காணப்படாதவை. இதனால் இருவர்க்குத் தீங்கு விளைகின்றது. எழுதிய எளியவர் தம் பெயரை இழக்கின்றார். எழுதாத பெரியவர் தாம் சொல்லாததற்குப் பொறுப்பேற்கின்றார். இதனை நம்பிக் கட்டுரையில் மேற்கோள் காட்டும் மாணவன் மூன்றாமவன்.

ஆக்கியோன் பெயரும் வழியும்

இதற்கெல்லாம் புதிய இலக்கணம் தேட வேண்டியதில்லை. சிறப்புப் பாயிரத்துக்குரிய எட்டுச் செய்திகளை நன்னூல் கூறுகின்றது. அவ்வெட்டினுள் முதலாவது ஆக்கியோன் பெயர், இரண்டாவது வழி. யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்னும் இரண்டையும் சொன்ன பின்னரே நூற்பெயரும் பயனும் பேசப்படுகின்றன. பவணந்தியார் முன்னோர் நூற்பாக்களைச் சில இடங்களில் அவ்வாறே எடுத்து வைத்தார். அவ்வாறு எடுப்பது முன்னோர் சொல்லைப் போற்றும் முறை என்று தம் நூலிலேயே கூறியும் வைத்தார். மறைத்து எடுத்தல் வேறு, சொல்லி எடுத்தல் வேறு. பிறர் பாட்டைத் தம் பாட்டென்று கூறுபவனைப் பாட்டியல் நூல்கள் கள்ளக்கவி என்று வெளிப்படையாகவே அழைக்கின்றன.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பு முகவுரைகளைப் படித்தவர்கள், தமக்கு ஏடு தந்தவர்களின் பெயரையும் ஊரையும் அவர் எத்துணைக் கருத்தோடு குறித்திருக்கிறார் என்பதை அறிவர். புறநானூற்றை 1894-இல் அச்சேற்றிய அப்பெரியார், ‘வழி’ கூறுதலின் பொருளைச் செயலிற் காட்டினார்.

இக்காலச் சட்டமும் இங்கேதான் வந்து நிற்கின்றது. 1886-இல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையில், 1928-ஆம் ஆண்டு ரோமாபுரியில் நடந்த திருத்தத்தின்போது, தம் படைப்புக்குத் தாமே ஆசிரியர் என்று கோரும் உரிமை சேர்க்கப்பட்டது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இவ்வுரிமையை ஏற்கின்றது. சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், பெயர் சுட்டப்பெறும் உரிமையைப் படைப்பாளருக்கு வழங்கியது. நன்னூலார் பாயிரத்தில் வைத்ததை உலகம் பல நூற்றாண்டு கழித்துச் சட்டத்தில் வைத்தது எனலாம்.

உடைமை வேறு, பெயர் வேறு

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் சென்னை அரசாங்கம் பெற்று, பின்னர் அவற்றைப் பொதுவுடைமை ஆக்கியதனால் அன்றோ அவை வீடுதோறும் சென்றன? எழுத்துக்கு வேலி எதற்கு?

தடை நியாயமானதே. ஆனால் அப்போது விலக்கப்பட்டது விலைக்கும் அச்சுக்கும் இருந்த வேலி. பாரதி என்னும் பெயர் அன்று. யாரும் அச்சிடலாம் என்றால், யாருடையது என்று சொல்லாமலும் அச்சிடலாம் என்று பொருளாகாது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை விலையின்றி மின்வடிவில் வழங்கி வருகின்றது. நூலைத் தட்டெழுதியவர், பிழை திருத்தியவர் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய முகப்பைச் சிதைக்காமல் வைத்தால், யாரும் அதனைப் பரப்பலாம் என்பது அத்திட்டத்தார் இட்ட நிபந்தனை. காசு கேட்கவில்லை, பெயரைக் காக்க மட்டும் கேட்டனர். அந்த முகப்பை வெட்டி எறிந்துவிட்டு நூலை மட்டும் தம்முடையதுபோல் வைத்திருக்கும் இடங்களைக் காணும்போது, எடுத்தவர்க்கு எந்தச் செலவும் வைக்காத ஒரு கடன் கூடவா பாரமாயிற்று என்று கேட்கத் தோன்றுகின்றது.

நம் கடன்

இச்செய்தி தமிழாசிரியர்களாகிய நமக்கு மிக அண்மையில் இருப்பது. கருத்துணர்தல் பயிற்சிக்கென்று நாளிதழிலிருந்தோ இணையத்திலிருந்தோ ஒரு பகுதியை எடுக்கின்றோம். நீளம் கருதிச் சில வரிகளைக் குறைக்கின்றோம். கடினமான சொல்லை மாற்றுகின்றோம். அத்தாள் பள்ளி விட்டுப் பள்ளி செல்கின்றது. சில ஆண்டுகளில் அது பயிற்சி நூலொன்றில் பெயரின்றி இடம்பெறுகின்றது. எழுதியவர் இவ்வூர் எழுத்தாளராகவே இருக்கலாம். அவர் பெயரை அம்மாணவன் அறியவே இல்லை. நம் நாட்டில் தமிழ் எழுத்தாளர் உண்டு என்பதை மாணவன் அறிதற்குரிய எளிய வழியை நாமே அடைத்துவிடுகின்றோம்.

1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றது. இதழ் ஒன்று நின்றுவிட்டால், அதில் எழுதியவர்களின் எழுத்து பழைய தொகுதிகளிலும் பிறர் எடுத்து வைத்த பகுதிகளிலுமே வாழ வேண்டும். அவ்வாறு எடுத்து வைப்பவர்களே இனிப் புறத்திரட்டின் தொகுப்பாளர்கள். அவர்கள் எழுதி வைத்தால் பெயர் நிற்கும். விட்டால் முத்தொள்ளாயிரப் புலவர்க்கு நேர்ந்தது நேரும்.

ஆகவே, எடுத்து வெளியிடுவோர் மூன்றைச் செய்தல் வேண்டும். எழுதியவர் பெயரையும், முதலில் வெளிவந்த இடத்தையும் நாளையும் குறித்தல் ஒன்று. குறைத்தாலும் மாற்றினாலும் அதனைச் சொல்லுதல் இரண்டு. எழுதியவர் நம்மிடையே வாழ்வாராயின் அவர் இசைவு பெறுதல் மூன்று. பெயர் தெரியாவிடில், தெரியவில்லை என்றேனும் எழுதுவோம். பாட்டிலிருந்தே பெயர் எடுத்துச் சூட்டும் அளவுக்கு உள்ளம் விரிந்தோர் வழியில் வந்த நாம், இருக்கும் பெயரை அழிக்காமலேனும் இருத்தல் வேண்டும்.