கிளிப்புக்கு முன் எத்தனை எக்ஸ்ரே?

பல்லுக்குக் கிளிப் போடப் போனால் முதல் நாளே கம்பி ஏறாது. வாயில் மாவு வைத்து அச்சு எடுப்பார்கள், முகத்தைப் படம் பிடிப்பார்கள், இரு தாடையும் ஒன்றாகத் தெரியும் ஓபிஜி ஒன்று, பக்கவாட்டில் மண்டையைக் காட்டும் செபலோகிராம் ஒன்று என எழுதித் தருவார்கள். வருகிறவருக்கெல்லாம் இதே தொகுப்பு. இதில் தேவை எவ்வளவு, பழக்கம் எவ்வளவு?

ஓபிஜியைக் குறை சொல்ல மாட்டேன். பதின்மூன்று வயதாகியும் மேல் கோரைப்பல் வெளிவராத பிள்ளைக்கு, அது எலும்புக்குள் சாய்ந்து பக்கத்துப் பல்லின் வேரை அரித்துக்கொண்டிருக்கக்கூடும். வெறும் கண்ணுக்கு அது தெரியாது. அச்சும் லேசுப்பட்டதல்ல. மேல் பல் முன்தள்ளியவர்களை வைத்து 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 55 விழுக்காட்டினருக்கு அச்சை மட்டும் பார்த்தே சிகிச்சையைத் திட்டமிட முடிந்தது. மற்றப் பதிவுகள் வந்தும் முடிவு மாறவில்லை.

சிக்கல் செபலோகிராமில்தான். 1931-இல் அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் பிராட்பென்ட் இதற்கான கருவியை அமைத்தது முக வளர்ச்சியை ஆராய. பிறகு அது கோணங்களின் கணக்காயிற்று. 1948-இல் அதே துறையைச் சேர்ந்த டவுன்ஸ் தந்த அளவுகள், சீரான பல்வரிசை கொண்ட இருபதே வெள்ளை இளையோரிடம் எடுத்தவை. 1953-இல் ஸ்டைனர் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் இரண்டின் வித்தியாசத்துக்கும் முறையே வகுத்த 82, 80, 2 பாகை இன்றும் நம் கல்லூரிகளில் பாடம். அந்த அளவுகோலை வைத்தால் நம் ஊரில் இயல்பான உதடும் துருத்தலாகப் படலாம். நான்கு நல்ல பற்களைப் பிடுங்க அதுவே காரணமாகிவிடலாம். நம் மக்களுக்கான அளவுகளை ஆய்வாளர்கள் தந்திருக்கிறார்கள், பயன்படுத்தத்தான் மனம் வேண்டும். தாடை எலும்பே முன்பின்னாக இருப்பவருக்கு, அறுவை சிகிச்சைக்குப் போகிறவருக்கு இந்தப் படம் அவசியம். லேசான நெருக்கலோடு வரும் பெரியவருக்கு எதற்கு?

கதிர்வீச்சைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. ஒரு செபலோகிராமில் படுவது, ஓரிரு நாளில் இயற்கையாகவே நம்மீது படும் அளவுதான். முப்பரிமாண ஸ்கேன் அப்படியல்ல, அதன் அளவு பல மடங்கு. பிரிட்டிஷ் பல்சீரமைப்புச் சங்கத்தின் வழிகாட்டுதல், வாயைச் சோதித்துக் காரணம் கண்ட பிறகே எக்ஸ்ரே என்கிறது. இங்கே பல இடங்களில் வரிசை தலைகீழ்.

இருந்தும் தொடக்கப் பதிவே வேண்டாம் என்பது தவறு. கம்பி இழுக்கும்போது வேர் நுனி குட்டையாவது உண்டு. முன்னே எடுத்த படம் இல்லையென்றால், எது பழையது, எது சிகிச்சையால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே பெற்றோரே, ஒவ்வொரு படத்துக்கும் “இது இல்லாவிட்டால் உங்கள் திட்டம் எங்கே மாறும், டாக்டர்?” என்று கேளுங்கள். எடுத்ததற்கெல்லாம் நகல் வாங்கி வையுங்கள். சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம் ஓடும். அதற்குள் பிள்ளை படிக்க வெளியூர் போனால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அந்த நகல்களைத்தான்.