கரை கேட்டுக் கட்டும் படகு

காசிமேட்டிலோ எண்ணூரிலோ ஃபைபர் படகு வாங்குகிறவர், ஓட்டிப் பார்த்து வாங்குவதில்லை. முன்பணம் கொடுக்கிற அன்று அங்கே படகே கிடையாது, அச்சு மட்டும்தான் இருக்கும். லட்சக்கணக்கில் பணம், கடலுக்குப் போகிற மூன்று நான்கு உயிர், ஒரு குடும்பத்தின் பிழைப்பு எல்லாம் அந்த அச்சை நம்பி நிற்கின்றன. இருந்தும் இதைக் குருட்டு நம்பிக்கை என்று நான் சொல்ல மாட்டேன். படகு செய்கிறவரின் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்தால் நீங்களும் சொல்ல மாட்டீர்கள். விலைக்கு முன்னால் அவர் வாயில் வருவது, “கரை எதுண்ணா?” என்பதுதான். என்ன வலை, எத்தனை பேர், எந்த என்ஜின் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

வடசென்னையில் அந்தக் கேள்விக்குப் பெரிய கனம் உண்டு. 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகம், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தது. தெற்கே மெரினா அகன்றுகொண்டே போனது. வடக்கே ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், எர்ணாவூர் வரை கடல் கரையைத் தின்றது. இன்று அந்தக் கரையில் நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறது. மணலில் ஏறிப் படுக்கும் படகும், கற்களுக்கு நடுவே மிஞ்சிய சின்ன இடத்தில் அலை பார்த்து நுழைய வேண்டிய படகும் ஒரே அடிப்பாகத்தோடு இருக்க முடியாது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு உள்ளே, கொசஸ்தலையாற்றில் ஓடும் படகுக்கு வேறு கணக்கு. அனல்மின் நிலையச் சாம்பலும் வண்டலும் தூர்த்துவிட்ட ஆழமில்லாத தண்ணீர் அது. அங்கே படகு லேசாக, தட்டையாக இருக்க வேண்டும். கரை தெரியாமல் படகு செய்கிறவரிடம் நான் ஒரு துடுப்புகூட வாங்க மாட்டேன்.

வேலை நடக்கும்போது பார்ப்பது தனிச் சுகம். அச்சின் உள்முகத்தில் மெழுகு பூசி, கை வழுக்கும் வரை தேய்க்கிறார்கள். அதன் மேல் நிறம் கலந்த ஜெல்கோட். அது பாதி இறுகியதும் கண்ணாடி நார் மேட்டை விரித்து, ரெசினை ஊற்றி, ரோலரால் உருட்டுகிறார்கள். நாருக்குள் சிக்கிய காற்று சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அது ஓரத்துக்கு ஓடி மறையும் வரை ரோலர் நிற்காது. ரெசின் இறுகக் கலக்கும் ஹார்ட்னரின் அளவை மேஸ்திரி வெயிலைப் பார்த்து மாற்றுகிறார். உச்சி வெயிலில் அளவு கூடினால் உருட்டி முடிப்பதற்குள் வாளியிலேயே ரெசின் கட்டியாகிவிடும். மழை மேகம் போட்டால் வேலையைத் தள்ளிப்போடுகிறவர்தான் நல்ல மேஸ்திரி.

படகை எடுக்க வரும் பெரியவர்கள் வெளிப்பக்கத்தை ஒரு பார்வையோடு விட்டுவிடுவார்கள். அந்தப் பளபளப்பு அச்சு கொடுத்தது. செய்தவன் கை உள்பக்கத்தில் தெரியும். ரெசின் குடிக்காத நார் வெளுத்து நிற்கிறதா, மூலையில் ரெசின் குளமாகத் தேங்கி இறுகியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். விரல் முட்டியால், படகின் முன்பகுதியான அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போகிறார்கள். அடுக்குகள் ஒட்டாத இடத்தில் ஓசை சட்டென்று பொள்ளலாகும். விளிம்புப் பட்டை போடுவதற்கு முன்பே வந்து, வெட்டிய ஓரத்தில் கனத்தைப் பார்த்துவிடுகிறவர் இன்னும் கெட்டிக்காரர்.

ஓட்டிப் பார்க்காத குறை இதனால் மட்டும் தீர்வதில்லை. அதே அச்சில் பிறந்த படகுகள் துறைமுகத்தில் ஏற்கெனவே ஓடுகின்றன. வாடைக்காற்றில் எது மூக்கைத் தூக்கி வருகிறது, எது தண்ணீரை வாரி உள்ளே போடுகிறது என்பதை வாங்குகிறவர் வருஷக்கணக்கில் பார்த்தபடி இருக்கிறார். அணியத்தின் ஏற்றத்தை வைத்தே யார் அச்சு என்று சொல்கிறவர்கள் அங்கே உண்டு.

கட்டுமரத்துக்கு இவ்வளவு பயம் தேவைப்பட்டதில்லை. லேசான மரக் கட்டைகளைச் செதுக்கி, ஆணி இல்லாமல் கயிற்றால் வரிந்தது அது. கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயப்போடலாம். பிடிக்காவிட்டால் மறுநாள் வேறு மாதிரி கட்டலாம். மெட்ராஸ் மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதியபோது கட்டுமரத்துக்கு உரிய இடம் கொடுத்தார். கட்டுமரத்தில் பிழை கயிற்றோடு அவிழ்ந்துவிடும். ஃபைபரிலோ அது அப்படியே இறுகிவிடும்.

கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் கயாக்கை ஓட்டுகிறவன் உடம்புக்கு அளந்து செய்தார்கள். அகலத்துக்கு அவன் இடுப்பே கணக்கு. இன்றைய கயாக் தயாரிப்பாளர்கள் சிலரும் உயரம், எடை, பாத அளவு கேட்டுத்தான் செய்து கொடுக்கிறார்கள். அங்கே உடம்பு, இங்கே கரை. கேட்டுச் செய்வது இரண்டுக்கும் பொது.

2004 சுனாமிக்குப் பிறகு, கரை எது என்ற அந்தக் கேள்வியே காணாமல் போனது. கடலுக்குப் போகாதவர்கள் நல்ல மனதோடு மொத்தமாகப் படகுகளுக்குச் சொன்னார்கள். கடற்கரை நெடுகப் புதுப் பட்டறைகள் முளைத்தன. மேட் குறைந்த, மிதவை நுரை சரியாக நிரப்பாத படகுகள் பல வந்து சேர்ந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம், கரையிறங்கு படகுகளின் மாதிரிகளை அலையில் ஓட்டிப் பார்த்து 1980லேயே அறிக்கை வெளியிட்டிருந்தது. அவ்வளவு அனுபவம் கையருகே இருந்தும், அவசரம் அதைக் கடந்து போனதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன்.

நல்ல பட்டறையில் படகைக் கொடுத்த பிறகும் வியாபாரம் முடிவதில்லை. முதல் தடவை தண்ணீரில் இறக்கும்போது செய்தவரும் கரைக்கு வருகிறார். வலை ஏற்றி, ஆள் ஏறி, என்ஜின் ஓடும்போது அணியம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கிறார். அதிகம் அமுங்கினால் வலைப்பெட்டியைப் பின்னுக்குத் தள்ளச் சொல்கிறார். அதுவும் போதாவிட்டால் என்ஜின் கட்டையைக் கழற்றி இடம் மாற்றிப் பொருத்துகிறார்.