கரிசலுக்குள் இறங்காத கேமரா

ஓடிடி வந்த பிறகுதான் தமிழ்த் தொடர்கள் கிராமத்துக்குப் போயின என்று இப்போது தயக்கமில்லாமல் எழுதுகிறார்கள். ‘விலங்கு’, ‘அயலி’ தொடர்கள் சாட்சிக்கு நிறுத்தப்படுகின்றன. இது வரலாற்றை மறந்த பேச்சு.

சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. கொடைக்கானல் கோபுரம் வந்ததும் தென்மாவட்ட வீடுகளுக்கும் படம் கிடைத்தது. பலரும் கேலி செய்த ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சி விதை, உரம், பூச்சி என்று உழவு வேலையைப் பொறுமையாகக் காட்டியது. தொண்ணூறுகளில் நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ தொடர் ஊர்த்தெய்வத்தின் மீதுள்ள பயத்தையும் மனநோயையும் ஒரே கதையில் பின்னியது. அந்தத் துணிச்சலுக்கு ஈடானது பிறகு அதிகம் வரவில்லை.

1999இல் ‘சித்தி’ தொடர் வந்தது. அதன் வெற்றிக்குப் பின் தொடர்கள் வீட்டு ஹாலுக்குள் குடியேறிவிட்டன. 2006 தேர்தல் வாக்குறுதிப்படி வந்த இலவச கலர் டிவி கரிசல்காட்டு ஓட்டுவீடு வரை போய்ச் சேர்ந்தது. கரிசல்காடுதான் டிவிக்குள் போகவில்லை. ‘எதிர்நீச்சல்’ தொடரில் மறைந்த நடிகர் மாரிமுத்து பேசிய பேச்சில் தெற்கத்தி மண் இருந்தது. கதையோ பெரிய வீட்டு வாசலைத் தாண்டத் திணறியது.

2023இல் வெளியான ‘அயலி’ அருமையான படைப்பு. படிப்பு நின்றுவிடக் கூடாதென்று வயதுக்கு வந்ததை மறைக்கும் சிறுமியின் பதற்றத்தை இயக்குநர் முத்துக்குமார் எட்டு எபிசோடும் விடாமல் பிடித்து வைத்தார். ‘விலங்கு’ கீழ்நிலைக் காவலர்களின் அலுப்பைக்கூடப் பதிவு செய்தது. ஆனால் ஊர் எதைச் செய்து பிழைக்கிறது என்ற கேள்வி இரண்டிலும் ஓரமாகத்தான் நிற்கிறது.

திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலை வெட்டி, அடுக்கி, மண்பூசித் தீவைத்துக் கரிமூட்டம் போடுகிறார்கள். எங்காவது வெடிப்பு விட்டுக் காற்று புகுந்தால் கரி முழுக்கச் சாம்பல். அதனால் இரவிலும் ஒருவர் புகையைப் பார்த்தபடி காவல் இருக்க வேண்டும். அருப்புக்கோட்டைத் தறிவீட்டில் பேச்சே தறிச்சத்தத்துக்கு மேல்தான் நடக்கும். ஒரு காட்சிக்கு இதைவிட என்ன பதற்றம், என்ன ஒலி வேண்டும்?

சிற்றூரின் வேலையை வைத்தே தொடர் எடுக்கலாம் என்பதற்கு உதாரணம் உண்டு. கனடாவின் சிடிவி 2004 முதல் 2009 வரை ஒளிபரப்பிய ‘கார்னர் காஸ்’ தொடரின் களம், சஸ்காட்செவன் சமவெளியில் ஒரு கற்பனைச் சிற்றூரின் பெட்ரோல் பங்க். கொலை இல்லை, போலீஸ் ரகசியம் இல்லை. வேலையும் வாயாடலும் மட்டுமே. அதை நாடே பார்த்தது.

கரிசலிலும் கதைக்குப் பஞ்சமில்லை. எழுத்தாளர் பூமணி தீப்பெட்டித் தொழிலை ‘கருவேலம்பூக்கள்’ படமாகவே எடுத்துக் காட்டினார். மல்லாங்கிணற்றுக்காரரான எஸ். ராமகிருஷ்ணனின் ‘சஞ்சாரம்’ கரிசலின் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய நாவல். 2018இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. ஊர் ஊராகப் போகும் அந்த வாழ்க்கை தொடருக்கென்றே அமைந்தது. எடுக்க முன்வருகிற தளம் சென்னையில் செட் போடாமல், கோடையில் கரிசலுக்கே வந்து, இந்த ஊர்க் கலைஞர்களையே வாசிக்கவைத்துப் பதிவு செய்ய வேண்டும்.