குற்றம் கார்டின் மேலா?

விண்டோஸ் கணிப்பொறிக்குள்ளேயே லினக்ஸ் பழக விரும்பும் மாணவர் பலர், வர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளால் ஒரு மெய்நிகர் பொறியை அமைத்துக்கொள்கின்றனர். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் இவ்வாறு இயக்கலாம். ஆனால் திரையில் சாளரங்கள் தயங்கித் தயங்கி நகரும். உடனே கிடைக்கும் அறிவுரை இரண்டு: வீடியோ நினைவகத்தைக் கூட்டு; இல்லையேல் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கு. இவை நோயறியாமல் தரும் மருந்துகள் என்பதே நம் குறை.

மெய்நிகர் பொறி உங்கள் கார்டைக் காண்பதே இல்லை. மென்பொருளால் ஆன போலிக் கார்டு ஒன்றே அதற்குக் காட்டப்படுகிறது. முப்பரிமாண முடுக்கம் இல்லையேல், படம் தீட்டும் வேலை முழுதும் மையச் செயலியின் மேல் விழுகிறது. புளியந்தோப்பு வாசகர்களே, நம் துறைமுகத்தில் கிரேன் சும்மா நிற்க, ஆட்கள் சரக்கைத் தலையில் சுமப்பதாக எண்ணிப் பாருங்கள். இன்னொரு கிரேன் வாங்கினால் வேலை விரையுமா?

சோதனை எளிது. க்னோம் திரையுள்ள லினக்ஸில் செட்டிங்ஸின் 'அபவுட்' பக்கத்தில், 'கிராபிக்ஸ்' என்பதற்கு நேரே 'எல்எல்விஎம்பைப்' என்றிருந்தால், செயலியே சுமக்கிறது. பொறியை நிறுத்தி, டிஸ்பிளே அமைப்பில் முப்பரிமாண முடுக்கத்தை இயக்குங்கள். உள்ளே கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவுங்கள். நினைவகத்தை 128 மெகாபைட்டாக்குவது அதன் பிறகே பயன் தரும்.

அப்போதும் அசல் கார்டின் முழு வேகம் வராது. அது வேண்டுவோர் லினக்ஸை வட்டில் நேரடியாக நிறுவலாம், அதற்குச் செலவில்லை. பணத்தை எடுக்குமுன் அந்த ஒரு வரியைப் படியுங்கள்!