அளவும் செயலும்: திருவள்ளூர், சென்னைப் பொதுச் சின்னங்கள் குறித்த ஓர் ஒப்பீட்டு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

சிறுநகரின் பொதுச் சின்னங்களை மாநகரின் சின்னங்களோடு ஒப்பிடும்போது உயரம், பழமை, புகழ் ஆகியவையே பெரும்பாலும் அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. அவ்வளவுகோல்களில் சிறுநகர் மாநகரின் குறைபட்ட நகலாகவே எஞ்சுகிறது. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை, புகார் நகரின் ஐவகை மன்றங்களை அவற்றின் செயலால் அறிமுகப்படுத்துகிறது. அச்செயல்நோக்கை அளவுகோலாகக் கொண்டு, கடம்பத்தூர் உள்ளிட்ட திருவள்ளூர் வட்டாரத்தின் சின்னங்களையும் சென்னையின் சின்னங்களையும் வழி, நீர், முறை என்னும் மூன்று நிலைகளில் இக்கட்டுரை ஒப்பிடுகிறது. மாநகரின் புகழ்பெற்ற சின்னங்கள் பல, புகழ்பெறாத சிறுநகர்ச் சின்னங்களைச் சார்ந்தே நிற்கின்றன என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்

பொதுச் சின்னம், திருவள்ளூர், கடம்பத்தூர், கூவம், பூண்டி, ஐவகை மன்றம், மாநகர விரிவாக்கம்.

முன்னுரை

வழி கேட்பவருக்குச் சுட்டிக்காட்டப்படுவது, ஊரார் கூடுமிடமாக அமைவது, ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் நினைவில் எழுவது ஆகிய மூன்றும் பொதுச் சின்னத்தின் இயல்புகள். இவற்றுள் மூன்றாவது இயல்பே இன்று மற்ற இரண்டையும் மறைத்து நிற்கிறது. வெளியூரிலிருந்து வரும் கதைமாந்தர் சென்னையை அடைந்துவிட்டார் என உணர்த்தத் தமிழ்த் திரைப்படங்களுக்கு மத்திய இரயில் நிலையத்தின் மணிக்கூண்டும், 1959 இல் எழுந்த எல்.ஐ.சி. கட்டடமும் நெடுங்காலம் போதுமானவையாக இருந்தன. மாவட்டத் தலைநகராகிய திருவள்ளூருக்கு அத்தகைய காட்சிச் சுருக்கம் எதுவும் உருவாகவில்லை. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமான கடம்பத்தூர்க்கு அப்படியொன்று தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை. இதனைக் கொண்டு சிறுநகருக்குச் சின்னங்களே இல்லை எனக் கருதுவது எளிது, ஆனால் பிழையானது.

புகழ் என்னும் அளவுகோலே நிலையானது அன்று. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 இல் கற்கருவிகளைக் கண்டறிந்தார். அங்குக் கிடைத்த கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது. உலகத் தொல்லியலாளரிடையே அத்திரம்பாக்கத்திற்கு உள்ள இடம் சென்னையின் எந்தக் கட்டடத்திற்கும் இல்லை. எனினும் நகரச் சின்னங்களின் பட்டியல்களில் அது இடம்பெறுவதில்லை. ஆகவே எவருடைய புகழுரை, எந்தப் பயனுக்கான புகழுரை என்னும் வினாக்களை எழுப்பாமல் ஒப்பீட்டைத் தொடங்க இயலாது.

இவ்வினா இன்று ஏட்டளவில் நிற்பதன்று. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கும் அரசாணை 2022 அக்டோபரில் வெளியானது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் பெரும்பகுதிகளும் அரக்கோணம் வட்டமும் இவ்விரிவில் அடங்கும். சிறுநகரும் மாநகரும் ஒரே திட்ட வரைபடத்திற்குள் வரும்போது எவை சின்னங்களாகப் பேணப்படும், எவை வெற்று நிலமாகக் கணக்கிடப்படும் என்பதை, ஒப்பீட்டிற்குக் கைக்கொள்ளும் அளவுகோலே தீர்மானிக்கும்.

இலக்கியம் தரும் அளவுகோல்

பொதுவிடத்தைக் குறிக்கத் தமிழில் மன்றம், பொதியில், சதுக்கம், சந்தி எனப் பல சொற்கள் உள்ளன. முருகன் உறையும் இடங்களை அடுக்கிக் கூறும் திருமுருகாற்றுப்படை சதுக்கம், சந்தி, மன்றம், பொதியில் ஆகியவற்றோடு பூத்த கடம்பமரத்தையும் சேர்த்துரைக்கிறது. மனிதர் கட்டியதும் மண்ணில் முளைத்ததும் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. கடம்பு என்னும் மரப்பெயரை நினைவூட்டும் கடம்பத்தூர் போன்ற ஊர்ப்பெயர்களைப் படிக்கும்போது, கட்டடம் மட்டுமே சின்னம் என்னும் எண்ணம் மிகப் பிற்பட்டது என்பது புலனாகும்.

சிலப்பதிகாரம் இன்னும் தெளிவான அளவுகோலைத் தருகிறது. புகாரில் வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் நின்ற மன்றம், பூத சதுக்கம், பாவை மன்றம் என ஐந்து பொதுவிடங்கள் பேசப்படுகின்றன. முதலாவது, களவாடுவோரை அவர்கள் எடுத்த பொதியையே சுமக்கவைத்துக் காட்டிக்கொடுப்பது. இரண்டாவது, உடற்குறையும் தொழுநோயும் உடையோர் மூழ்கி நலம்பெறும் பொய்கை. மூன்றாவது, பித்தேறியோரும் நஞ்சுண்டோரும் வலம்வந்து துயர் நீங்கும் கல். நான்காவது, பொய்வேடத்தாரையும் பொய்ச்சான்று கூறுவோரையும் தண்டிக்கும் பூதம் உறையும் இடம். ஐந்தாவது, அரசன் முறை தவறினாலும் அறங்கூறு அவையத்தார் ஒருபால் சாய்ந்தாலும் வாய் திறவாமல் கண்ணீர் சொரியும் பாவை நிற்குமிடம்.

இவ்விளக்கத்தில் உயரமோ, கட்டியவர் பெயரோ, செலவோ சிறப்பாகக் கூறப்படவில்லை. நெடுங்கல் என்னும் பெயரில் மட்டும் அளவின் குறிப்பு உண்டு. அக்கல்லின் பெருமையோ அது துயர் தீர்ப்பதில் இருக்கிறது. பொதுமக்கள் சின்னத்திடம் எதற்காகச் செல்கின்றனர், அது அவர்களுக்கு என்ன செய்கிறது என்பவையே காப்பியத்தின் கேள்விகள். இவை இயற்கையிறந்த ஆற்றல்களாகப் புனையப்பட்டவை என்பது உண்மை. ஆயினும் புனைவின் அடியில் நிற்கும் எதிர்பார்ப்பு, பொதுவிடம் பொதுப்பணி ஆற்றவேண்டும் என்பதே.

வழி: மத்திய நிலையமும் கடம்பத்தூரும்

சென்னை மத்திய இரயில் நிலையம் 1873 இல் செயற்படத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை அதற்கு 17 ஆண்டுகள் முந்தியது. 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை திறக்கப்பட்ட அப்பாதை திருவள்ளூர், அரக்கோணம் வழியாகவே சென்றது. சென்னைக்குள் நுழையும் வாயிலாகப் போற்றப்படும் மணிக்கூண்டு எழுவதற்கு முன்பே திருவள்ளூர் மண்ணில் தண்டவாளம் கிடந்தது. பழமை என்னும் அளவுகோலும் மாநகருக்கே எப்போதும் சாதகமாக அமைவதில்லை என்பதற்கு இது சான்று.

செயலளவில் இரு நிலையங்களும் வேறுபடுகின்றன. மத்திய நிலையம் பாதையின் முடிவிடம், வந்துசேர்ந்ததை அறிவிப்பது. திருவள்ளூருக்கும் அரக்கோணத்திற்கும் இடைப்பட்ட கடம்பத்தூர், இனிச் செல்லவேண்டிய வழியைக் காட்டும் இறங்குமிடம். தேவாரப் பாடல் பெற்ற கூவம் என்னும் திருவிற்கோலத்திற்குச் செல்வோர்க்குத் தலவழிகாட்டி நூல்கள் கடம்பத்தூர் நிலையத்தையே சுட்டுகின்றன. புறநகர் வண்டியில் நாள்தோறும் சென்று திரும்பும் தொழிலாளருக்கும் மாணவருக்கும் அந்நிலையம் காட்சிப்பொருளன்று, காலக்கணக்கு.

மாநகரிலும் வழிகாட்டும் சின்னங்கள் இல்லாமலில்லை. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் தொடங்குகிறது. கடவுளே வழி கேட்டு நிற்கும் அவ்விடத்தில் கோபுரமோ மணிக்கூண்டோ முதன்மை பெறவில்லை, தெருமுனையே போதுமானதாகிறது. மாநகரைத் தெருவளவில் வாழ்ந்து அறிந்த எழுத்தாளர், சிறுநகரத்தார் தம் ஊரை அறியும் முறையிலேயே அதனை எழுதினார் எனலாம்.

நீர்: ஓர் ஆற்றின் இரு முனைகள்

சென்னையில் கூவம் என்னும் சொல் அழுக்கின் மறுபெயராகிவிட்டது. அவ்வாறு கடலோடு கலக்கும் இடத்தருகே 1869 இல் கட்டப்பட்ட நேப்பியர் பாலமோ மாநகரின் விருப்பத்திற்குரிய காட்சிகளுள் ஒன்று. 2022 சதுரங்க ஒலிம்பியாடின்போது அப்பாலம் சதுரங்கக் கட்டங்களாக வண்ணம் தீட்டப்பட்டது. பாலத்தின் மேற்புறம் சின்னமாகவும் கீழே ஓடும் நீர் கண்ணை விலக்கவேண்டிய ஒன்றாகவும் ஒரே இடத்தில் அமைந்துள்ளன.

அவ்வாற்றுக்குப் பெயர் தந்த கூவம் சிற்றூர் கடம்பத்தூர் ஒன்றியத்தில் உள்ளது. அங்குக் கூவம் என்பது ஞானசம்பந்தர் பாடிய திரிபுராந்தகர் கோயிலின் ஊர்ப்பெயர். ஒரே சொல் மேல்முனையில் தலப்பெயராகவும் கீழ்முனையில் வசைச்சொல்லாகவும் வழங்குவதை, இரு நகரங்களின் சின்னங்களை ஒப்பிடும் எவரும் கடந்துபோக இயலாது. ஆற்றின் பெயர் இழிந்தது ஆற்றாலன்று. அதனைப் பயன்படுத்திய முறையால். மாநகர் தன் பாலத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டு ஆற்றைச் சின்னங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. சிலப்பதிகார அளவுகோலில் இலஞ்சி மன்றத்திற்கு நேர்மாறான நிலை இது: நோய் தீர்க்கவேண்டிய நீர் நோய்க்கு அஞ்சி ஒதுக்கப்படுகிறது.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் ஹிருத்தாபநாசினிக் குளம் இலஞ்சி மன்றத்தின் எதிர்பார்ப்பை இன்றும் சுமந்துள்ளது. நோய் தீர்க்கும் பெருமாளாக வழிபடப்படும் வீரராகவரை நாடி அமாவாசை நாள்களில் மக்கள் திரள்கின்றனர். குளத்தில் வெல்லம் கரைத்து நேர்த்திக்கடன் செலுத்துகின்றனர். நம்பிக்கையை மெய்ப்பிப்பது ஆய்வின் வேலையன்று. நீரிடம் நலம் வேண்டி மக்கள் கூடும் பழக்கமே அக்குளத்தைப் பொதுச் சின்னமாக்குகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இவ்வட்டாரத்தின் மற்றொரு நீர்ச்சின்னம் பூண்டி. கொசஸ்தலையாற்றின் குறுக்கே அமைந்த அந்நீர்த்தேக்கம் சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியோடு தொடர்புடையது. அது 1944 இல் பயன்பாட்டுக்கு வந்தபோது அவர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது. அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. மாநகராட்சி அமர்ந்திருக்கும் ரிப்பன் மாளிகையைச் சென்னையின் சின்னம் என அனைவரும் அறிவர். அம்மாநகராட்சியின் தலையாய பணிகளுள் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்து ஆற்றில் நிற்கிறது என்பது அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. 3,231 மில்லியன் கன அடி கொள்ளளவுடைய பூண்டி நிலத்தால் சிறுநகருக்கும் நீரால் மாநகருக்கும் உரியது.

2019 கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வறண்டன. சூலை 12 அன்று சோலையார்பேட்டையிலிருந்து குடிநீர் ஏற்றிய முதல் இரயில் வில்லிவாக்கத்தை அடைந்தது. அரக்கோணம், கடம்பத்தூர், திருவள்ளூர் வழியாகவே அவ்வண்டி சென்றது. வழியும் நீரும் ஒரே தண்டவாளத்தில் இணைந்த அந்நாளில், மாநகரின் எந்த உயர்ந்த கட்டடமும் அதற்குத் துணைநிற்கவில்லை. புகழில்லாத பாதையே துணைநின்றது.

முறை: பாவையும் தேரும்

1968 இல் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் தமிழ்ச் சான்றோர் சிலைகள் நிறுவப்பட்டன. கண்ணகி சிலையும் அவற்றுள் ஒன்று. முறை தவறிய அரசனை வினவியவளின் சிலை, பாவை மன்றத்தின் நேர்வழித் தோன்றலாகக் கருதத்தக்கது. அச்சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு 2006 சூனில் மீண்டும் நிறுவப்பட்டது. நின்றபோது காட்சியாக இருந்த சிலை, இல்லாதபோது அரசியல் வினாவாகியது. மாநகரச் சின்னத்தின் செயல் சில வேளைகளில் அதன் இன்மையிலேயே வெளிப்படுகிறது.

மாநகரம் சிறுநகரின் சின்னத்தைப் படியெடுத்த வெளிப்படையான சான்றுக்குத் திருவள்ளூர் வட்டாரத்தைக் கடந்து திருவாரூரை நோக்கவேண்டும். 1976 இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தின் கற்றேர், திருவாரூர் ஆழித்தேரை மாதிரியாகக் கொண்டது. 1948 க்குப் பின் ஓடாதிருந்த ஆழித்தேர் 1970 இல் மீண்டும் ஓடியது. ஓடாத ஆழித்தேர் ஊரின் குறையாக உணரப்பட்டது. ஓடவே இயலாத கற்றேரோ மாநகரின் பெருமையாக ஏற்கப்பட்டது. வடம்பிடிக்கும் கைகளே சிறுநகர்த் தேரைச் சின்னமாக்குகின்றன. மாநகர்த் தேருக்குப் பார்க்கும் கண்கள் போதும். குறட்பாக்கள் அனைத்தையும் கல்லில் காட்டும் கோட்டத்தின் பண்பாட்டு மதிப்பை இக்கூற்று மறுப்பதாகாது. வடிவம் இடம்பெயரும்போது செயல் உடன்வருவதில்லை என்பதையே இது உணர்த்துகிறது.

ஒப்பீட்டின் எல்லை

செயல்நோக்கு சிறுநகரை உயர்த்திப் பேசும் மனநிலையாகத் திரிந்துவிடக்கூடும். சிறுநகரச் சின்னங்கள் யாவும் எல்லார்க்கும் ஒரே நிலையில் திறந்திருந்தவை அல்ல. கோயிலும் குளமும் சாதி அடிப்படையில் மக்களை விலக்கிய வரலாறு தமிழகம் முழுமைக்கும் பொது. 1939 இன் ஆலய நுழைவுச் சட்டத்திற்குப் பின்னரே அவற்றின் பொதுத்தன்மை சட்டத்தின் துணையைப் பெற்றது. மெரினாவில் தேபி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை 1959 இல் எழுந்தபோது, குலமோ பதவியோ சுட்டாத உடல்கள் பொதுவிடத்தில் நின்றன. மாநகரம் தந்த இத்தகைய பொதுமை சிறுநகரின் மரபில் எளிதில் கிட்டாதது. தொழிற்பேட்டைகளால் உருமாறிவரும் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் உழைப்பை நினைவுகூரும் சின்னம் எது என்னும் வினாவும் இவ்விடத்தில் எழுகிறது.

முடிவுரை

உயரத்தாலும் புகழாலும் ஒப்பிட்டால் திருவள்ளூர் சென்னைக்கு முன் நிற்காது. செயலால் ஒப்பிட்டால் இரண்டும் எதிரெதிர் நிற்பவை அல்ல. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பவை. நேப்பியர் பாலத்தின் கீழ் ஓடும் ஆற்றின் பெயர் கடம்பத்தூர் ஒன்றியத்துக்குரியது. ரிப்பன் மாளிகை ஆளும் நகரின் குடிநீர் பூண்டியில் தேங்குவது. மத்திய நிலையத்தை அடையும் மேற்குப் பாதை கடம்பத்தூரைக் கடந்து வருவது.

மரபுக் கட்டடங்களைப் பாதுகாப்பது குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2010 இல் அளித்த தீர்ப்பு, மாநகரின் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் பணிக்கு வலுவூட்டியது. விரிவடைந்த பெருநகரப் பகுதிக்கும் அத்தகைய பட்டியல் தேவைப்படும். கட்டடக்கலைச் சிறப்பு, கட்டிய ஆண்டு ஆகியவற்றோடு அங்கு மக்கள் என்ன செய்கின்றனர் என்பதும் அதில் பதிவாதல் வேண்டும். அப்பதிவு இல்லையெனில் குளம் காலிமனையாகவும், ஆற்றங்கரை சாலைக்குரிய நிலமாகவும், சிறுநிலையம் வெறும் நிறுத்தமாகவும் கணக்கிடப்படும். புகாரின் ஐந்து மன்றங்களும் கடலோடு மறைந்திருக்கலாம். அவற்றைக் காப்பியம் விளக்கிய முறை இன்றைய நகரத் திட்டத்திற்கும் பயன்படும் அளவுகோலாக எஞ்சியுள்ளது.