சேறு தெரியும் காலம்

கரைப்பறவை பார்ப்பதில் பேர்போன நாடுகளில், ஆர்வலர்கள் கடலின் வற்றுப்பெருக்கு அட்டவணையோடுதான் புறப்படுவார்கள். ஆறு மணித்தியாலத்தில் கடல் பின்வாங்கும், சேறு திறக்கும், பறவை இறங்கும். எங்கள் ஊரான செங்கலடியில் அந்த அட்டவணைக்கு வேலையில்லை. நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட வராது. இங்கே வாவி வற்றுவதற்கு மாதக்கணக்கு. மாரியில் வயலும் வாவியும் ஒன்றாய்க் கிடக்கும். ஆற்றுவாய் வெட்டி வெள்ளம் கடலுக்குப் போனபின், தை கழிய ஓரத்தில் ஒரு முழம், மாசியில் இன்னும் நாலு முழம் என்று சேறு மெல்லத் தலைகாட்டும்.

ஆகவே ஊரில் பார்த்த பறவைகளின் பட்டியலை நிரப்ப நினைப்பவருக்குப் பங்குனிதான் தேர்த்திருவிழா. சேறும் அகலமாக இருக்கும், வடக்கே திரும்பப் போகும் பறவைகளும் உடுப்பு மாற்றத் தொடங்கியிருக்கும். மாரி முழுக்கச் சாம்பல் பூசி நின்ற கருவால் மூக்கனின் கழுத்தில் செங்கல் நிறம் ஏறும் (இந்த ஊருக்குப் பொருத்தம்தான்). பொன் உப்புக்கொத்தியின் நெஞ்சில் கருமை திட்டுத்திட்டாய் இறங்கும். அது சைபீரியாவில் கூடுகட்டப் போகிற பறவை.

நிற்கும் இடத்தைப் பார்த்தே பாதிப் பெயரைச் சொல்லிவிடலாம். வயிறு நனைய நின்று நீண்ட அலகை அடிச்சேற்றுக்குள் இறக்குவது மூக்கன். முழங்கால் தண்ணீரில் விறுவிறுவென்று நடப்பது பச்சைக்காலி; எழும்பினால் 'தியூ தியூ தியூ' என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் போகும். ஈரம் மினுங்கும் விளிம்பில் தையல் மெஷின் போலக் குத்திக்கொண்டு ஓடுவது கொசு உள்ளான். உப்புக்கொத்திகளுக்கு அலகு குட்டை, கண் பெரிது. ஓடும், நிற்கும், பார்க்கும், மறுபடி ஓடும்.

2023இல் என் பட்டியல் நான் வீட்டில் இருக்கும்போதே ஒன்றால் கூடியது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும் சிறிய உப்புக்கொத்தியை நெடுங்காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் துணையினம் என்றே வைத்திருந்தார்கள். மரபணுவையும் சிறகு, வால், அலகு அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, அது தனியினம் என்று அந்த ஆண்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பெயர் அனுமன் உப்புக்கொத்தி. ஜி. எம். ஹென்றி தானே படம் வரைந்து 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைக் கையேட்டில் தேடினாலும் கிடைக்காத பெயர். எழுதத்தான் எழுதினேன், ஆனால் ருசியில்லை. உழைக்காத கூலி. பிறகு மணற்திட்டில் போய்க் குந்தி, நூறு தரம் பார்த்த அதே பறவையை முதல்தரம் போலப் பார்த்தபோதுதான் கணக்குச் சரியானது.

இன்னும் நிரம்பாத வரி டெம்மிங்க் கொசு உள்ளான். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு, இதற்கு வெளிர்மஞ்சள் என்று நூல்கள் சொல்லும். சேறு அப்பிக் காய்ந்தால் எல்லாக் காலும் வெளிர்தான். நம்பக்கூடியது நடை: கொசு உள்ளான் ஓடும், இது எலிபோலக் குனிந்து, புல்லோரமாய் ஊரும். இன்னொன்று, பறக்கும்போது வாலின் இரு ஓரமும் வெள்ளை.

போன பங்குனியில் கறுத்தப் பாலத்துக்கு அப்பால், வயலோரப் பள்ளமொன்றில் அப்படி ஒன்று ஊர்ந்தது. கால் வெளிர். வாலைக் காட்ட அது பறக்கவேண்டும், பறக்கவில்லை. ஒரு கல்லெறிந்தால் போதும் என்று கூட வந்த தம்பி சொன்னான். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறக்கக் கொழுப்புச் சேர்க்கிற பறவையைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிப் பெயர் கேட்பதா? முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். எருமைகள் வந்து இறங்கின. எல்லாம் ஒரேயடியாய் எழும்பின, நாற்பது கொசு உள்ளானுக்குள் அதுவும் கலந்து போனது.

கொப்பியில் அதைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.